அத்தியாயம் 7: வீடு அடங்கிவிட்டதா?

ஆள் வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்று கண்டுபிடிப்பது எளிது. அவருடைய ஃபோன் வீட்டு வைஃபையில் ஒட்டிக்கொண்டிருந்தால் இருக்கிறார், இல்லாவிட்டால் இல்லை. இருக்கிற ஆள் தூங்குகிறாரா விழித்திருக்கிறாரா என்பதுதான் சிக்கல். கண்ணை மூடிக்கொண்டு பாட்டு கேட்கும் தாத்தாவுக்கும் நிஜமாகவே தூங்கும் தாத்தாவுக்கும் எந்தச் சென்சாரும் வித்தியாசம் சொல்லாது. பல நேரம் பாட்டிக்கே தெரியாது.

ஆகவே இந்த அத்தியாயம் உறக்கத்தை அளப்பதைப் பற்றியதல்ல. அது மருத்துவமனையில், தலையில் மின்முனைகள் ஒட்டிச் செய்கிற வேலை. நமக்குத் தேவை ஓர் ஊகம்; தப்பாகிப் போனாலும் வீட்டில் யாரும் முகம் சுளிக்காத ஊகம். எதையும் வாங்குவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, வீடு தூங்கிவிட்டது என்று தெரிந்தால் என்னென்ன நடக்க வேண்டும் என்று எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது தப்பான நேரத்தில் நடந்தால் என்ன ஆகும் என்று எழுதுங்கள். ஹால் ஸ்பீக்கரின் ஒலி குறைந்தால் யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். படித்துக்கொண்டிருக்கும் பெண்ணின் தலைக்கு மேல் விளக்கு அணைந்தால் அடுத்த நாள் உங்கள் சென்சார் குப்பையில் கிடக்கும். கதவு அலாரம் தானாக உயிர்பெற்று, மாடிக்குப் போய்த் திரும்பும் அப்பாவைப் பார்த்து அலறினால் தெருவே எழுந்துவிடும். மூன்றுக்கும் ஒரே அளவு உறுதி போதாது என்பது தாளைப் பார்த்தாலே புரியும். தாளில் எழுத ஒன்றும் இல்லையென்றால், அதாவது வெறும் ஆர்வம்தான் காரணம் என்றால், அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடலாம்.

இங்கே ஹோம் அசிஸ்டன்ட் என்ற திறந்த மூல மென்பொருளை வைத்தே எடுத்துக்காட்டுகள் தருகிறேன். பாலஸ் ஸ்கவுட்சன் 2013-ல் தொடங்கிய இது, ராஸ்பெர்ரி பை போன்ற சின்னக் கணினியில் வீட்டுக்குள்ளேயே ஓடும். உங்களிடம் வேறு ஏற்பாடு இருந்தாலும் யோசனைகள் மாறாது.

முதலில் ஒரு பொத்தான்

உலகத்தின் மிக நம்பகமான உறக்கச் சென்சார், கட்டில் பக்கத்தில் இருக்கும், ஜிக்பீ என்ற கம்பியில்லா முறையில் பேசும் ஒரு பொத்தான். படுக்கப் போகிறவர் அழுத்துகிறார், வீட்டுக்குத் தெரிந்துவிடுகிறது. இதைச் சொன்னால் "இதுக்கு எதுக்கு ஆட்டோமேஷன்?" என்று கேட்பார்கள். இரவு கடைசியாக அறை விளக்கை அணைக்க எப்படியும் ஒரு கை சுவிட்சுக்குப் போகிறது. அந்தச் சுவிட்சையே பொத்தானாக்கிவிட்டால் யாருக்கும் புதிதாக ஒரு வேலையும் இல்லை. சென்சார்கள் எல்லாம், பொத்தானை அழுத்த மறந்தவர்களுக்காகவும் விழிப்பைக் கண்டுபிடிக்கவும்தான். தூங்கப் போகும்போது மனிதருக்குப் பொத்தான் நினைவிருக்கும். எழும்போது காபிதான் நினைவிருக்கும்.

ஃபோன் சொல்வது

ஆண்ட்ராய்டு ஃபோனில் ஹோம் அசிஸ்டன்ட் செயலியை நிறுவினால் ஏராளமான சென்சார்கள் கிடைக்கும். பெரும்பாலானவை அணைந்த நிலையில்தான் வரும், நாம் தேடிப் போய் இயக்க வேண்டும். நமக்கு வேண்டியவை நான்கு: சார்ஜ் ஏறுகிறதா, திரை எரிகிறதா, தொந்தரவு செய்யாதே நிலை, அடுத்த அலாரம்.

ஐந்தாவதாக உறக்க நம்பகம் என்று ஒன்று உண்டு. கூகுள் 2021-ல் செயலிகளுக்குத் திறந்துவிட்ட வசதி இது. ஃபோனின் அசைவையும் அறையின் வெளிச்சத்தையும் வைத்து, தூங்குவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு எத்தனை என்று ஓர் எண்ணைத் தருகிறது. ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் தரும். உடல் செயல்பாட்டு அனுமதியும் கேட்கும். சாட்சிகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்; தீர்ப்பை அதனிடம் விடக் கூடாது. ஹாலில் சார்ஜில் போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுப்பவரின் ஃபோன் உறங்குகிறது, அவ்வளவுதான்.

அடுத்த அலாரம் என்பதை நிறையப் பேர் கண்டுகொள்வதில்லை. எனக்கு அதுதான் பிடித்த சென்சார். காலையில் எழுவதைக் கண்டுபிடித்து அதன் பிறகு கீசரைப் போட்டால் வெந்நீருக்காக நிற்க வேண்டும். 15 லிட்டர் கீசர், 2 கிலோவாட் காயில், தண்ணீர் 27 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்கு வர வேண்டும் என்றால் சுமார் கால் மணி நேரம் பிடிக்கும். அலாரம் 5.45 என்று ஃபோன் முந்தின இரவே சொல்லிவிடுகிறது, 5.30-க்குக் கீசர் போட எந்தக் கண்டுபிடிப்பும் தேவையில்லை. 16 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக்கைப் பயன்படுத்துங்கள், அரை மணியில் தானாக அணையும்படியும் வையுங்கள். ஓர் எச்சரிக்கை: கடிகாரச் செயலி மட்டுமல்ல, காலண்டர் போன்ற வேறு செயலிகளும் ரகசியமாக அலாரம் வைக்கும். எந்தச் செயலியின் அலாரத்தை மட்டும் நம்ப வேண்டும் என்று அந்தச் சென்சாரின் அமைப்பிலேயே குறிப்பிடலாம்.

கைப்பட்டை, ஸ்மார்ட் வாட்ச்? காலையில் நேற்றைய கதையைச் சொல்வதற்கு நன்றாக இருக்கும். தகவல் தாமதமாக வருவதால் விளக்குகளுக்குப் பயன்படாது.

படுக்கைக்கு அடியில்

கட்டிலில் படுப்பவர் என்றால், அழுத்தத்தை உணரும் பட்டை ஒன்று போதும். அழுத்தினால் மின்தடை குறையும், அதுதான் அதன் முழு ரகசியம். சுமார் 60 சென்டிமீட்டர் நீளத்தில் கிடைக்கும் பட்டையை மெத்தைக்கும் கட்டில் பலகைக்கும் நடுவில், முதுகு வரும் இடத்தில் குறுக்காக வையுங்கள். இருவர் படுக்கும் கட்டிலுக்கு இரண்டு. 10 கிலோஓம் தடை ஒன்றைச் சேர்த்து இஎஸ்பி32 என்ற வைஃபை சில்லில் இணைத்தால் மின்னழுத்தமாகப் படிக்கலாம். 32 முதல் 39 வரையிலான முனைகளில் ஒன்றையே எடுங்கள். மற்ற அனலாக் முனைகள் வைஃபை ஓடும்போது வேலை செய்யாது. இது தெரியாமல் சில்லே பழுது என்று தூக்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

காலியாக இருக்கும்போது என்ன எண், ஆள் படுத்தால் என்ன எண் என்று சில இரவுகள் வெறுமனே பாருங்கள். காலிக்கு 0.9 வோல்ட், ஆளுக்கு 1.6 என்று வைத்துக்கொள்வோம். நடுவில் 1.25-ல் ஒரே கோடு போட்டால், புரண்டு படுக்கும் ஒவ்வொரு தடவையும் ஆள் எழுந்ததாகவும் படுத்ததாகவும் மாறி மாறிக் காட்டும். இரண்டு கோடு போடுங்கள்: 1.4-க்கு மேல் போனால் ஆள் உண்டு, 1.1-க்குக் கீழே இறங்கினால்தான் ஆள் இல்லை. இலவம்பஞ்சு மெத்தை நாளாக ஆக அமுங்கும், அதனால் காலி எண்ணே மெல்ல ஏறும். சில மாதத்துக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும். மடித்த துணிக் குவியலை ஆள் என்று நினைத்துக்கொள்ளும் நாளும் வரும்.

கட்டில் கால்களுக்கு அடியில் எடை உணரிகள் வைக்கும் முறையும் உண்டு. துல்லியமானது, மூச்சசைவுகூடத் தெரியலாம். ஆனால் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பவை ஒன்றுக்கு 50 கிலோ தாங்குபவை, நான்கு கால்களுக்கும் சேர்த்து 200. இரண்டு பெரியவர்கள் 130 கிலோ, தேக்குக் கட்டிலும் மெத்தையும் இன்னொரு 80 என்றால் முதல் இரவே எல்லை தாண்டிவிடும். பழைய கட்டில் இருக்கும் வீட்டில் பட்டைதான் சரி.

படுக்கைச் சென்சார், தூங்கிவிட்டார் என்பதைவிட எழுந்துவிட்டார் என்பதை நன்றாகச் சொல்லும். கட்டிலில் சாய்ந்து ஒரு மணி நேரம் ஃபோன் பார்ப்பவர் உண்டு. கட்டிலை விட்டுப் போய் நின்றுகொண்டே தூங்குபவர் இல்லை. பத்து நிமிடம் திரும்பி வரவில்லை என்றால் எழுந்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்குள் வந்துவிட்டால் அது கழிவறைப் பயணம்.

பாயில் படுக்கும் வீட்டுக்கு

வெளிநாட்டில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் பெரும்பாலும் ஓர் அறை, ஒரு கட்டில், அதிகம் போனால் இரண்டு பேர் என்று கணக்குப் போடுகின்றன. நம் வீடுகளில் ஏசி இருக்கும் ஒரே அறையில் நான்கு பேர், இரண்டு கட்டிலில், இரண்டு பாயில். மே மாதம் முழுக் குடும்பமும் மொட்டை மாடிக்கு ஏறிவிடும். பாய்க்கு அடியில் பட்டை வைத்துப் பயனில்லை, ஏனென்றால் நாளைக்குப் பாய் வேறு மூலையில் விரியும்.

இங்கேதான் ரேடார் சென்சார் உதவுகிறது. எல்டி2410 என்ற சின்னத் தகடு மலிவானது, 24 கிகாஹெர்ட்ஸ் அலைகளை அனுப்பித் திரும்பி வருவதைப் படிக்கிறது. படுத்திருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். மார்பு சில மில்லிமீட்டர் ஏறி இறங்குவதே அதற்குப் போதும். முன்னால் இருக்கும் வெளியை 0.75 மீட்டர் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் அசையும் ஆளுக்கு ஓர் எண், அசையாத ஆளுக்கு ஓர் எண் என்று தரும். ஆள் இருக்கிறார் ஆனால் அசையும் எண் இருபது நிமிடமாகத் தாழ்ந்தே இருக்கிறது என்றால், தூங்குகிறார் என்று ஊகிக்கலாம்.

ஆனால் அதன் எதிரி நம் தலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. சீலிங் ஃபேன் இறக்கைகள் ரேடாருக்கு ஓயாமல் நடமாடும் ஆள். ஃபேன் காற்றில் ஆடும் திரைச்சீலை இன்னொருவர். கொசுவலை மூன்றாமவர். கொடியில் காயும் வேட்டி, குழந்தையின் தூளி, எல்லோருக்கும் இடம் உண்டு. இதற்குச் செய்ய வேண்டியவை:

சென்சாரைக் கூரையில் ஒட்டாதீர்கள். சுவரில், ஃபேன் மட்டத்துக்கு நன்றாகக் கீழே, தரையைப் பார்க்கும்படி சாய்த்து வையுங்கள். இது நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் 60 டிகிரி பார்க்கும், ஃபேன் அந்த எல்லைக்கு வெளியே போக வேண்டும். பிறகு எல்லோரையும் வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்து, ஃபேனை ஐந்தில் வைத்து, ஒவ்வொரு துண்டிலும் என்ன எண் வருகிறது என்று பாருங்கள். இஎஸ்பி32 சில்லில் ஓடும் இஎஸ்பிஹோம் மென்பொருள் வழியாக இணைத்திருந்தால் பொறியியல் முறை என்ற சுவிட்சைப் போட்டதும் இந்த எண்கள் வந்து கொட்டும். ஆளில்லாத அறையின் எண்ணுக்குக் கொஞ்சம் மேலே ஒவ்வொரு துண்டின் வரம்பையும் ஏற்றுங்கள். அறை மூன்று மீட்டர் என்றால் நான்கு துண்டுக்கு மேல் பார்க்க விடாதீர்கள். பிளைவுட் தடுப்பு, மரக்கதவு, ஜிப்சம் சுவர் வழியாக ரேடார் பார்த்துவிடும், பக்கத்து அறைக்காரர் உங்கள் அறையில் தூங்குவதாகக் காட்டும். செங்கல் சுவர் பெரும்பாலும் தடுத்துவிடும். தூளி ஆடும் அறைக்கு மட்டும் என்னிடம் நல்ல தீர்வு இல்லை. அந்தச் சில மாதங்கள் ரேடாரை நம்பாமல் பொத்தானை நம்புங்கள். தூளிக் கயிற்றில் எந்தச் சென்சாரையும் கட்டிவிடாதீர்கள்.

எத்தனை பேர் தூங்குகிறார்கள் என்று இந்தத் தகடு சொல்லாது. நான்கு பேர் அறையில் ஒருவர் எழுந்து வெளியே போனால் அதற்கு எந்த மாற்றமும் தெரியாது. பொது அறைக்கு இந்த அறை அடங்கிவிட்டது என்ற ஒரே தகவலோடு திருப்திப்படுங்கள்.

பழைய அகச்சிவப்பு அசைவுச் சென்சாருக்கும் ஓர் இடம் இருக்கிறது. உடல் வெப்பம் இடம் மாறுவதை உணர்வது அது. தூங்குபவரைப் பார்க்காது, ஆனால் கட்டிலுக்கு அடியில் கணுக்கால் உயரத்தில் வெளியே பார்க்கும்படி வைத்தால், தரையில் கால் ஊன்றும் அந்த நொடியைச் சரியாகப் பிடிக்கும். வெயில் காலத்துப் பிற்பகல்களில் இதை நம்பாதீர்கள். அறையின் வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்க நெருங்க இரண்டுக்கும் வித்தியாசம் குறைந்து, சென்சார் பாதிக் குருடாகிவிடும்.

வீட்டின் சொந்த சாட்சிகள்

ஒரு ரூபாய் செலவில்லாமல் கிடைப்பவை இவை. விடியற்காலையில் வாசல் கதவு முதன்முதலாகத் திறப்பது, கோலம் போடவோ பால் பாக்கெட் எடுக்கவோ, ஒருவர் எழுந்ததற்குச் சந்தேகமில்லாத சாட்சி. கதவில் ஏற்கெனவே திறப்புச் சென்சார் இருந்தால் வேலை முடிந்தது. மிக்ஸி ஓடினால் வீடே எழுந்துவிட்டது, எழாதவர்களும் இப்போது எழுந்திருப்பார்கள். டிவியின் பிளக், ஹால் விளக்கு, அறைக் கதவு, ஏசி எல்லாமே பேசும். கொசு மருந்து இயந்திரம் மட்டும் ஏமாற்றும். சில வாட்தான் எடுக்கும், பெரிய ஸ்மார்ட் பிளக்குகள் அதைச் சரியாக அளக்காது. பிளக் ஆனா ஆஃபா என்று மட்டும் பாருங்கள்.

சாட்சிகளைக் கூட்டிப் பார்ப்பது

எந்தச் சாட்சியும் தனியாக நம்பத்தக்கதல்ல. எல்லாவற்றையும் "இதுவும் இதுவும் இதுவும் இருந்தால்" என்று கோத்தால், ஒன்று தவறினாலும் வீடு தூங்காது. இதற்கு ஹோம் அசிஸ்டன்டில் பேயீசியன் சென்சார் என்று ஒன்று இருக்கிறது. தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் எழுதி, அவர் இறந்தபின் 1763-ல் அச்சான கட்டுரையிலிருந்து வந்த கணக்கு. கையால் ஒருமுறை போட்டுப் பார்த்தால் பயம் போய்விடும்.

ஒருவர் நாளில் எட்டு மணி நேரம் தூங்குகிறார். எந்த நேரத்தில் எட்டிப் பார்த்தாலும் தூங்கும் வாய்ப்பு ஒன்று, விழித்திருக்கும் வாய்ப்பு இரண்டு; விகிதம் 0.5. இப்போது ஃபோன் சார்ஜில் இருக்கிறது. தூங்கும்போது அது 90% நேரம் சார்ஜில் இருக்கும், விழித்திருக்கும்போது 30%. 90-ஐ 30-ஆல் வகுத்தால் 3, விகிதம் 1.5 ஆகிறது, அதாவது 60% உறுதி. ஹால் விளக்கு அணைந்திருக்கிறது: தூங்கும்போது 95%, விழித்திருக்கும்போது 38%, மடங்கு 2.5. விகிதம் 3.75, உறுதி 79%. ஹாலில் இருபது நிமிடமாக அசைவில்லை: 90-க்கு 30, மறுபடியும் மூன்று மடங்கு. விகிதம் 11.25, உறுதி 92%. இந்த நேரத்தில் அவருடைய அறை டிவி ஓடுகிறது என்று தெரிந்தால்? தூங்கும்போது அது ஓடுவது 5%, விழித்திருக்கும்போது 40%. விகிதம் எட்டில் ஒரு பங்காகி, 92 என்பது சட்டென்று 58-க்கு இறங்கும். நாமும் மனதுக்குள் இப்படித்தானே யோசிப்போம்.

இந்தச் சதவீதங்களை எங்கிருந்து எடுப்பது? சில நாள் பதிவைத் திறந்து வைத்துக்கொண்டு கண்ணால் எண்ணினால் போதும். 90-ஆ 85-ஆ என்று தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் எதற்கும் 100 அல்லது 0 கொடுக்காதீர்கள். கொடுத்தால் அந்த ஒரு சாட்சி மற்ற எல்லாவற்றின் வாயையும் அடைத்துவிடும். இன்னொரு பொறி, சாட்சிகள் ஒன்றையொன்று பார்த்துச் சொல்வது. ஹால் விளக்கு, ஹால் டிவி, ஹால் அசைவு மூன்றும் உண்மையில் ஒரே செய்தி: ஹாலில் யாரும் இல்லை. கணக்கோ அவற்றைத் தனித்தனி சாட்சிகளாக எடுத்துக்கொண்டு உறுதியைத் தாறுமாறாக ஏற்றிவிடும். சினிமாவுக்குக் கிளம்பிய இரவு வீடு 97% உறக்கத்தில் இருக்கும். மேலே நான் போட்ட கணக்கிலேயே ஹால் இரண்டு முறை வந்திருக்கிறது. ஒன்றை எடுத்துவிட்டு, படுக்கைப் பட்டையை அங்கே வைப்பதுதான் நேர்மை.

எத்தனை சதவீதத்தில் செயல்படுவது என்பதற்கு முதலில் எழுதிய தாளுக்குத் திரும்புங்கள். ஸ்பீக்கரைக் குறைக்க 70 போதும். விளக்கை அணைக்க 90. அலாரத்தை இயக்க எந்தச் சதவீதமும் போதாது, அதற்குப் பொத்தான்தான்.

நிலைகளும் நேரமும்

தூக்கம், விழிப்பு என்ற இரண்டு நிலைகள் போதாது. ஹோம் அசிஸ்டன்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டியல் ஹெல்பர் (நிலையைக் குறித்து வைக்கும் மாறி) உருவாக்கி நான்கு நிலைகள் கொடுங்கள்: விழிப்பு, அடங்குதல், உறக்கம், இடைவிழிப்பு. அடங்குதலில் பதினைந்து இருபது நிமிடம் மாற்றமில்லாமல் இருந்தால்தான் உறக்கம். உறக்கத்திலிருந்து எழுந்தால் நேராக விழிப்புக்குப் போகாமல் இடைவிழிப்பு. அங்கிருந்து படுக்கைக்குத் திரும்பினால் மறுபடி உறக்கம், சமையலறை விளக்கோ வாசல் கதவோ அசைந்தால் விழிப்பு. இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்கப் போன ஒருவருக்காகப் பக்திப் பாடலோடு காலைக் காட்சி தொடங்காமல் காப்பது இந்த இடைவிழிப்புதான். அந்த நிலையில் நடக்க வேண்டியது ஒன்றே: கழிவறைக்குப் போகும் வழியில் தாழ்வான மஞ்சள் விளக்கு, பத்து சதவீத ஒளியில். இந்த அத்தியாயத்தில் எதையாவது ஒன்றை மட்டும் செய்யப் போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

மணியை விதியாக வைக்காதீர்கள். அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்ப்பவர் காலை நான்குக்குப் படுத்து பதினொன்றுக்கு எழுவார். அதே வீட்டில் அவருடைய அம்மா நான்கரைக்கு எழுவார். ஆளுக்கு ஆள் தனி நிலை, வீட்டுக்குப் பொது நிலை. வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் உறங்கினால்தான் வீடு உறக்கம், ஊருக்குப் போனவரைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. முதல் ஆள் எழுந்தவுடன் வீடு விழித்துவிட்டதாக அறிவித்துவிடாமல் பாதி விழிப்பு என்று ஒன்று வையுங்கள்: சமையலறையும் ஹாலும் வழக்கம்போல் இயங்கும், அழைப்பு மணி தாழ்ந்த ஒலியில், மாடி அறைக்குச் சத்தம் கேட்கும் தண்ணீர் மோட்டார் காத்திருக்கும்.

கரண்ட் போய் வந்தால்

நள்ளிரவில் மின்வெட்டு வந்து போகும்போதுதான் இந்த ஏற்பாட்டின் தரம் தெரியும். பல ஸ்மார்ட் பல்புகள் கரண்ட் திரும்பியதும் முழு ஒளியில் எரியும்படிதான் வருகின்றன. ஒவ்வொன்றிலும் மின்சாரம் திரும்பும்போதைய நடத்தை என்ற அமைப்பைத் தேடி, பழைய நிலைக்குத் திரும்பு என்று மாற்றுங்கள். சென்சார்கள் சில நொடிகள் தொடர்பற்றுப் போய் மீண்டும் வரும். அந்த வருகையை உங்கள் விதி எழுந்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆள் உண்டு என்ற நிலையிலிருந்து ஆள் இல்லை என்ற நிலைக்கு நேராகப் போனால் மட்டுமே என்று இரண்டு முனையையும் விதியில் எழுதுங்கள்.

ஹோம் அசிஸ்டன்ட் மறுபடி தொடங்கினால், இருபது நிமிடம் இப்படியே இருந்தால் என்று விதிக்குள் ஓடிக்கொண்டிருந்த காத்திருப்பு மறந்துபோகும். நீண்ட காத்திருப்புகளுக்கு டைமர் ஹெல்பரை வைத்து, அதில் மீட்டெடு என்பதை இயக்குங்கள். பட்டியல் ஹெல்பருக்குத் தொடக்க மதிப்பு எதுவும் கொடுக்காமல் விட்டால் கடைசி நிலையை நினைவில் வைத்திருக்கும். ரூட்டரையும் கணினியையும் இன்வெர்ட்டரில் மாட்டுங்கள், கணினிக்குத் தனியாக ஒரு சின்ன யுபிஎஸ்ஸும் இருந்தால் மெமரி கார்டு நெடுநாள் உழைக்கும்.

தனியாக இருக்கும் பெரியவர்கள்

பிள்ளைகள் சென்னையிலோ சிகாகோவிலோ, அம்மா மட்டும் ஊரில். இங்கே கேள்வியே தலைகீழாகிறது. அவர் எழுந்ததைச் சொல்ல வேண்டாம், வழக்கமான நேரம் தாண்டியும் எழவில்லை என்றால் மட்டும் சொல்ல வேண்டும். வாசல் கதவு, சமையலறை அசைவு, கழிவறை விளக்கு மூன்றில் எதுவும் அசையவில்லை என்ற நிலை, அவருடைய மிகத் தாமதமான காலைக்கும் ஒரு மணி நேரம் பிந்தி வந்தால், முதலில் அவருடைய வீட்டிலேயே ஒரு மணி ஒலிக்கட்டும். பத்து நிமிடத்தில் பதில் அசைவு இல்லையென்றால் பிள்ளைக்குச் செய்தி; பிள்ளை ஃபோன் செய்து பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடலாம். பக்கத்து வீட்டுக்கு நேரடியாக இயந்திரம் செய்தி அனுப்ப வேண்டாம். இரண்டு பொய்ச் செய்திக்குப் பிறகு அவர் பார்ப்பதை நிறுத்திவிடுவார்.

ஊரில் இணையம் போய்விட்டால் எதுவும் வராது, அமைதியை நலம் என்று தப்பாக எடுத்துக்கொள்வோம். ஆகவே வெளியிலிருந்து அந்த வீட்டின் கணினி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் ஏற்பாடும், சென்சார் பேட்டரி குறைந்தால் வரும் செய்தியும் கட்டாயம். அம்மா கல்யாணத்துக்குப் போகும்போது தட்டிவிட்டுப் போக ஒரு சுவிட்சும் வாசலருகே வேண்டும்.

யார் பார்க்கலாம்

வீட்டில் ஒவ்வொருவரும் எத்தனை மணிக்குப் படுத்தார்கள், எத்தனை மணிக்கு எழுந்தார்கள் என்பது இப்போது ஒரு பதிவாக உங்கள் கணினியில் கிடக்கிறது. கூட்டுக் குடும்பத்தில் மருமகள் எழுந்த நேரம் மாமியாரின் ஃபோனில் வரைபடமாக வருகிறது என்று நினைத்துப் பாருங்கள். பரீட்சைக்குப் படிக்கும் பையன் ஒன்றரை மணிவரை விழித்திருந்தது படித்தானா ஃபோன் பார்த்தானா என்ற விசாரணையாக மாறும். 2023-ன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொந்த வீட்டுப் பயன்பாட்டை விட்டுவிட்டது. ஆகவே இங்கே காவல் நீங்கள்தான்.

படுக்கையறையில் கேமராவும் மைக்கும் வேண்டாம், பேச்சுக்கே இடமில்லை. மேகக் கணினியில் கணக்குத் தொடங்கினால்தான் வேலை செய்யும் சென்சாரைவிட வீட்டுக்குள்ளேயே பேசும் சென்சாரை வாங்குங்கள். ஒவ்வொருவரின் சம்மதத்தோடு தொடங்குங்கள். வேண்டாம் என்பவருக்கு வெறும் பொத்தான். ஹோம் அசிஸ்டன்ட் தானாகப் பத்து நாள் வரலாற்றை வைத்திருக்கும். முதல் வாரம் விதிகளில் எந்தச் செயலையும் மாட்டாமல், நிலைகள் மாறுவதை மட்டும் அந்த வரலாற்றில் பார்த்துச் சரிசெய்யுங்கள். சரியானதும் ஆள்வாரி உறக்க நிலைகளைப் பதிவிலிருந்து விலக்கிவிடுங்கள். இப்போதைய நிலை விளக்குகளுக்குத் தெரிந்தால் போதும், நேற்றைய நேரம் யாருக்கும் தேவையில்லை. பொதுப் பலகையில் வீடு உறக்கம் என்று ஒரே வரி காட்டுங்கள், பெயர்கள் வேண்டாம்.

கடைசியாக, விருந்தினர் சுவிட்ச். கல்யாணத்துக்கு வந்த பத்துப் பேர் ஹாலில் வரிசையாகப் படுத்திருக்கும்போது மேலே சொன்ன எந்தக் கணக்கும் நிற்காது. அந்தச் சுவிட்சைப் போட்டால் எல்லா உறக்க ஊகங்களும் நிற்க வேண்டும், விளக்குகள் சாதாரணச் சுவிட்சுகளுக்கு மட்டும் கட்டுப்பட வேண்டும், வழி விளக்கு இரவு முழுக்க எரிய வேண்டும். அதைச் செயலிக்குள் ஒளித்து வைக்காமல் ஹால் சுவரில், வந்திருக்கும் பெரியப்பாவுக்கும் எட்டும் இடத்தில், தமிழில் எழுதி ஒட்டி வையுங்கள்.